வலது பக்க ஸ்பீக்கர்

நட்டு கழலுவேனா என்றது. ரேடியோவின் குமிழுக்குப் பின்னால், விரல் நுழையாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஸ்பேனர் பட்டதும் வழுக்கி, பட்டதும் வழுக்கி, நந்தகோபாலின் பொறுமையை ஆழம் பார்த்தது. அவன் தலை பெடல்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. கால்கள் சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டே பேர் உட்காரும், அப்பா காலத்துப் பழைய சிவப்பு சீமைக் கார். ஐம்பதை எட்டிப் பார்க்கும் ஓர் ஆள் அதன் டாஷ்போர்டுக்கு அடியில் நுழைய வேண்டுமென்றால் எலும்பில் இரண்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். தகர விளிம்பு மணிக்கட்டைக் கிழித்தது. ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்து பனியனில் சொட்டியது. வாடா வெளியே, என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. ரேடியோவிடம்தான் சொன்னான். இன்றைக்கு உன் குடலை உருவாமல் விடுவதில்லை. நாச்சிமுத்து இதைப் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் அவன் பெரிய ஆள். "ரேடியோ மூஞ்சிய மட்டும் எடுத்துப்போடாத நந்து, பழைய கார் ரேலில மார்க்கக் கொறச்சுப்போடுவாங்க. புது ஸ்டீரியோவ டேஷ்போர்டுப் பொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுக்க. பழசு பேருக்கு அங்கயே இருந்துட்டுப் போகுது. நாங்க அத்தன பேரும் அப்படித்தான் பண்ணியிருக்கறோம்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சங்கத்துக் கார்களில் எல்லாம் செத்த ரேடியோ ஒன்று முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும், சத்தம் வேறெங்கிருந்தோ வரும். நந்தகோபாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தான். மார்க்காம் மார்க்கு. இவனுக்கு யார் மார்க் போடுவது? இந்தக் குமிழ் இன்னொரு நாள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்பேனரை வீசிவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்து நட்டின் கழுத்தைப் பிடித்து முறுக்கினான். ஒரு கழுத்தை முறுக்குவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முப்பது வருஷம் முன்னாலேயே முறுக்கியிருக்கலாம். நட்டைத்தான் நினைத்தான். இல்லை, நட்டை நினைக்கவில்லை.

கிளிக். அந்தக் குமிழைத் திருப்பினால் முதலில் கிளிக் என்று ஒரு சத்தம் வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கரகரப்பு, அப்புறம் பாட்டு. அந்தக் கிளிக் கேட்டதும் நந்தகோபால் பற்களை இறுகக் கடித்துக்கொள்வான். நாக்கு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதை இரண்டாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டிருந்தான். அப்பா மயில்சாமி வீட்டுக்குள் யாரையும் அடித்ததில்லை. பம்ப்செட் கம்பெனி முதலாளி, முதலாளிகள் சங்கத்தில் பொருளாளர், வீட்டுக்கு வருகிற பிச்சைக்காரனைக்கூட வாங்க என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் குரல் உயராது. "வா சாமி, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்பார். அவ்வளவுதான். சாமி என்று அவ்வளவு கொஞ்சலாக யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. ரேஸ்கோர்ஸ் ரோடு வட்டமானது. புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். மரநிழலும் பங்களாக்களுமாக இருக்கும், நடைபயிற்சிக்காரர்கள் எல்லாம் அப்பாவுக்கு வணக்கம் வைப்பார்கள், அவரும் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் திருப்பி வைப்பார். பிறகு கிளிக். கரகரப்பு. பாட்டு கிளம்பியதும் குமிழைக் கடைசிவரைக்கும் திருப்புவார். வலது கை ஸ்டியரிங்கில். இடது கையின் புறங்கை, மோதிரத்தோடு, பக்கத்து சீட்டில் இருப்பவனின் வலது காதுக்கு வரும். ரோட்டைப் பார்த்தபடியே அடிப்பார், கார் ஒரு அங்குலம் விலகாது. காது, கன்னம், மறுபடி காது. இரண்டே சீட் என்பதால் கூட வேறு யாரும் வர முடியாது. அம்மா போர்ட்டிகோவில் நின்று டாட்டா காட்டுவாள். ஆசையாக மகனைக் காரில் கூட்டிக்கொண்டு போகிறார் என்று தெருவே மெச்சியது. சிவப்பு கார், மேலே கூரை திறந்து, பாட்டு சத்தமாக, மயில்சாமி சிரித்த முகமாக. அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட நந்தகோபாலுக்குப் பிடிக்காமல் போகவில்லை என்பதுதான் அநியாயம். இன்றைக்கும் டீக்கடையில் அதில் ஒன்று ஒலித்தால் முதலில் தலை ஆடும், அப்புறம்தான் பற்கள் இறுகும்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்ளா?"

மனைவி பிருந்தாவின் குரல். அவள் கால்கள் மட்டும் தெரிந்தன, கார்க் கதவுக்குக் கீழே.

"ம். ஆச்சு."

"நாளைக்குத்தான் டாக்டர் வர்றாராம். புள்ள ராத்திரி பூரா காதப் புடிச்சுக்கிட்டு பொரண்டுக்கிட்டே இருந்தா. அதுவரைக்கும் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு உடறேன். தண்ணி போனதுக்கு அதுதானுங்க நல்லது. எங்கம்மா அப்படித்தான் பண்ணும்."

"ம்" என்றான் நந்தகோபால்.

ம். அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தான். கால்கள் திரும்பி உள்ளே போயின. அவனுடைய அம்மாவும் அப்படித்தான் பண்ணினாள். பூண்டு தட்டிப் போட்டு, எண்ணெய் காய்ச்சி, விரலில் சூடு பார்த்து, வலது காதில் விட்டாள். தண்ணி போயிருச்சும்மா என்று அவன்தான் சொல்லியிருந்தான். கிணற்றில் குதித்தபோது போனது என்று ஜாடையோடு சொன்னான். பொய் சொல்வதில் அவனுக்கு அப்போதே நல்ல தேர்ச்சி. அம்மா பாவம், நம்பினாள், அல்லது நம்புவது அவளுக்குத் தோதாக இருந்தது. உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. கிழிந்த ஜவ்வு வழியாக எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடித்து, தலையணை நாறி, கடைசியில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டினார். ஓட்டை தானாகவே மூடியிருக்கும், சும்மா விட்டிருந்தால் போதும், எண்ணெய் விட்டுக் காதைக் கொன்றுவிட்டீர்கள் என்றார். அம்மா அழுதாள். அப்பாவும் கூட நின்று அம்மாவைத் திட்டினார். அறிவிருக்கா உனக்கு என்றார். அன்றிலிருந்து நந்தகோபாலுக்கு உலகத்தில் எல்லாமே இடது பக்கம்தான் நடக்கிறது. லாரி வலது பக்கம் ஹாரன் அடித்தால் இடது பக்கம் பார்ப்பான். அப்படிப்பட்டவன் ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ வாங்கிவந்து மாட்டுகிறான் என்றால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா. கடைக்காரன் உள்ளே உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். "கண்ண மூடிக் கேளுங்ண்ணா, வயலின் இந்தப் பக்கம், தபேலா அந்தப் பக்கம், தனித்தனியா தெரியுதா?" என்றான். தெரியுது என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

தண்ணியாகவும் இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? மகள் மிருதுளா நீச்சல் வகுப்புக்குத்தானே போகிறாள். போன வாரம் அங்கிருந்துதான் கூட்டிக்கொண்டு வந்தான், இதே காரில், அவள்தான் சிவப்பு வண்டியில் வாங்கப்பா என்று கேட்டிருந்தாள். ஈரத்தலை. குளோரின் வாசம். எட்டாம் வகுப்புப் பேச்சு வாய் மூடாமல். அந்த டீச்சர், இந்தத் தோழி, அப்பா ஏன் இந்த ரேடியோவைப் போடுவதே இல்லை என்று. வேண்டாம் மிரு என்றான். ஏன்ப்பா என்றாள். வேலை செய்யாது என்றான். செய்யுதே, என்றாள். கிளிக். கரகரப்பு. அவள் சிரித்துக்கொண்டே குமிழைக் கடைசிவரைக்கும் திருப்பினாள், கரகரப்பு காரையே பிய்த்துக்கொண்டு எழுந்தது, அவன் பற்கள் தானாக இறுகின. அதற்கப்புறம் எது முன்னால் எது பின்னால் என்று அவனுக்குக் கோர்வையாக வருவதில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. கார் ஒரு அங்குலம் விலகவில்லை. இடது கை மட்டும் போய்விட்டு வந்திருந்தது. சும்மா தட்டினதுதான். பட்டதுகூடத் தெரியவில்லை. தட்டினது என்றால் விரல் முட்டிகள் ஏன் வலித்தன? சாப்பிடும்போது ஏன் அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்? மோதிரம்கூடப் போட்டதில்லை. அப்பா செத்த அன்றைக்குச் சோப்புப் போட்டு உருவி எடுத்த மோதிரம் பீரோவுக்குள் கிடக்கிறது. அதைப் போடாதவரைக்கும் தான் வேறு ஆள் என்று ஒரு நினைப்பு இருந்தது அவனுக்கு. மோதிரமா அடித்தது, கைதானே. வெட்டிப்போட வேண்டும் இந்தக் கையை. கம்பெனியில் தகடு வெட்டும் மிஷின் இருக்கிறது, மணிக்கட்டை நீட்டிக் காலால் ஒரு மிதி, முடிந்தது. துள்ளிக்கொண்டு கீழே விழட்டும், நாய்க்குப் போடலாம். மிருதுளா அழவில்லை. அதுதான். அவள் அழுதிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பான், கட்டிக்கொண்டிருப்பான், மன்னிப்புக் கேட்டிருப்பான். அவள் குமிழைத் திருப்பி அணைத்துவிட்டு, வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, அம்மா கேட்பதற்கு முன்னாலேயே, காதுல தண்ணி போயிருச்சும்மா என்றாள்.

நட்டு கழன்றது. கழன்ற வேகத்தில் கை பின்னால் போய் ஸ்டியரிங் தண்டில் மோதியது. பின்னாலிருந்த ஒயர்களை நிதானமாகக் கழற்றி டேப் சுற்ற வேண்டும் என்று நாச்சிமுத்து சொல்லியிருந்தான். நந்தகோபால் ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்து, ஒயரோடு, ஏரியலோடு, வேரோடு பிடுங்கினான். என்னமோ அறுந்தது. என்னமோ கிழிந்தது. வெளியே வந்து போர்ட்டிகோ தரையில் அதை மல்லாக்கப் போட்டுச் சுத்தியலை எடுத்தான். முதல் அடியில் கண்ணாடி போனது, ஸ்டேஷன் ஊசி வளைந்தது. இரண்டாவது அடிக்குத் தகரம் உள்ளே போனது. அப்புறம் எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. சாமி, என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டிருந்தான் என்பதும் தெரியாது. வா சாமி. வா சாமி. குமிழ் மட்டும் உடையாமல் உருண்டு காரின் சக்கரத்துக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. நிமிர்ந்தபோது மாடி ஜன்னலில் மிருதுளா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தைக் கம்பியில் சாய்த்து, வலது கையால் காதைப் பொத்தியபடி. அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். சிரிக்க முயன்றான். பழசாயிருச்சு சாமி, என்று மேலே பார்த்துச் சொன்னான், சொன்ன உடனே அந்த வார்த்தையை வாய்க்குள் திரும்ப இழுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. ஜன்னலில் ஆள் இல்லை.

மிச்ச வேலை சுலபமானது, கை தன்பாட்டுக்குச் செய்தது. அந்தக் காலத்துச் சீமைக் கார்களில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. மற்ற வண்டியிலெல்லாம் பாட்டரியின் மைனஸ்தான் காரின் தகர உடம்போடு சேர்ந்திருக்கும், இதில் பிளஸ். தெரியாதவன் புது ஸ்டீரியோவை அப்படியே மாட்டினால் புகைந்துவிடும். நேற்றே பாட்டரி ஒயர்களைத் தலைகீழாக்கி, இன்ஜின் காயிலின் ஒயர்களையும் மாற்றி, டைனமோவுக்கு ஒயரால் ஒரு தொடு தொட்டுப் பொறி பறக்கவிட்டு, காரின் ரத்த ஓட்டத்தையே திருப்பி வைத்திருந்தான். ஒரு பொறியில் டைனமோ தன் பழக்கத்தை மறந்துவிடுகிறது. அவ்வளவு வருஷம் ஒரு பக்கமாக ஓடினது, ஒரு தொடு தொட்டால் மறுபக்கம் ஓடுகிறது. மனுசனுக்கு எங்கே தொட வேண்டும் என்றுதான் எவனும் சொல்லித் தருவதில்லை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வெள்ளை ஒயர் இடது கதவுக்கு, சாம்பல் வலது கதவுக்கு. டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றினான். உள்ளே சமையலறையில் பூண்டு தட்டும் சத்தம் கேட்டது, இடது பக்கமிருந்துதான், எல்லாச் சத்தமும் போல. மிருதுளா ரெண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டுச் சொல்லிவிட்டால் போதும். அதற்குத்தான் இத்தனையும். வாயைத் திறந்து காது கேக்குதா சாமி என்று ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லாதவன், அந்த ஒரு கேள்விக்காக ஒரு ஸ்டீரியோவை வாங்கி, காரைக் கீறி, கையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறான். அவள் சரியாகச் சொல்லிவிட்டால் தண்ணிதான். தண்ணி என்றால் எண்ணெய் நல்லது. பிருந்தாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கை மடிக்குள்ளேயே இருந்துவிடும். எண்ணெய் காய்கிற வாசம் போர்ட்டிகோவுக்கு வந்தது. அந்த வாசம் வந்ததும் அவன் செத்த காதுக்குள் ஏதோ சூடாக இறங்கியது.

"மிரு! கொஞ்சம் வா கண்ணு. பாட்டுப் போட்டுப் பாக்கலாம்."

வந்தாள். உடைந்த ரேடியோவை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கதவோரமாக ஒண்டி உட்கார்ந்தாள் என்பதை அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி சாவியைத் திருப்பினான். ரேடியோ இருந்த ஓட்டையில் புதுப் பெட்டி நீல வெளிச்சம் காட்டியது.

"கண்ண மூடிக்க. பாட்டு எந்தப் பக்கம் வருதுன்னு கையக் காட்டோணும். சும்மா ஒரு வெளையாட்டு."

அவள் கண்ணை மூடினாள். அவன் பாட்டை முழுக்க இடது ஸ்பீக்கருக்குத் தள்ளினான். அவள் இடது கையைத் தூக்கித் தன் பக்கத்துக் கதவைக் காட்டினாள். சபாஷ். அவனுக்கு மூச்சு வந்தது. எழுந்து போய் பிருந்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவசரப்படாதே. பாட்டை முழுக்க வலது ஸ்பீக்கருக்குத் தள்ளினான். தன் பக்கத்துக் கதவுக்கு. காட்டு சாமி. இந்தப் பக்கம் காட்டு. என்னைக் காட்டு. அவள் புருவம் சுருங்கியது. தலையைக் கொஞ்சம் திருப்பினாள், அவன் ஹாரன் கேட்டால் திருப்புகிற அதே திருப்பு. பிறகு இடது கையைத் தூக்கி, தன் பக்கத்துக் கதவையே காட்டினாள்.

ஒயர். ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறேன். வேறென்ன. கிறுக்கு வண்டி, இதில் எதுதான் நேராக இருந்திருக்கிறது? சாம்பல் ஒயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கும், அறுந்திருக்கும், நான்தானே பிடுங்கினேன், வெறிபிடித்த மாதிரி பிடுங்கினேன் அல்லவா, வலது ஸ்பீக்கர் ஊமையாகத்தான் இருக்கும், சத்தம் எல்லாம் அந்தப் பக்கம்தான் போகிறது, அவள் சரியாகத்தான் சொல்கிறாள், என் பெண்ணுக்கு இரண்டு காதும் பொன்னாகக் கேட்கிறது. அவனுக்குச் சரிபார்க்க வழியில்லை. அவனுக்கு எல்லாமே இடது பக்கம்தான். காதால் ஆகாது. வலது கையை நீட்டித் தன் பக்கத்துக் கதவில் புதிதாக மாட்டிய ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஊமையாக இரு. கடவுளே, ஊமையாக இரு. உள்ளங்கைக்கு அடியில் அது அதிர்ந்துகொண்டிருந்தது. தாளத்துக்குத் தாளம், தபேலாவுக்குத் தபேலா, காய்ந்த ரத்தத்தின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது.

"எல்லாமே இந்தப் பக்கந்தான்ப்பா வருது" என்றாள் மிருதுளா, கண்ணைத் திறக்காமலே. "உங்களுக்கும் அப்படித்தான?"

அவன் கையை ஸ்பீக்கரிலிருந்து எடுத்தான்.

"நான் அம்மாகிட்டச் சொல்லல. தண்ணின்னுதான் சொல்லியிருக்கறேன்."

பிருந்தா வந்தாள். ஒரு கையில் சின்னக் கிண்ணம், இன்னொரு கையில் பஞ்சு. விரலை எண்ணெயில் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே வந்தாள். "அட, பாட்டெல்லாம் கேக்குது! மிரு, அப்படியே தலையச் சாச்சுக் குடு, வெதுவெதுப்பாத்தான் இருக்குது."

"ஊத்தாத பிருந்தா" என்றான் நந்தகோபால். "அது தண்ணி இல்ல. நாந்தான்..."

மிருதுளாவின் கை பாய்ந்து ஸ்டீரியோவின் குமிழைக் கடைசிவரைக்கும் திருப்பியது. பாட்டு வெடித்தது. போர்ட்டிகோ தூண்கள் அதிர்ந்தன, எதிர்வீட்டு நாய் குரைத்தது, பிருந்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயசைத்தாள், என்னங்க, என்னங்க என்றிருக்க வேண்டும். மகள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு குமிழை இறுகப் பிடித்திருந்தாள். அவள் தாடை இறுகியிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். குமிழை அணைக்க அவனுடைய இடது கை எழுந்தது, அணைக்கத்தான் எழுந்தது. அதற்குள் அவள் முழங்கை உயர்ந்து காதை மூடிவிட்டது. ஒரு முறை வாங்கியவள் மூடுகிற மூடலா அது? இத்தனை நாளும் தூங்கும்போதும், சாப்பிடும்போதும், அவன் தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டிய ஒவ்வொரு தடவையும் அவள் மனசுக்குள் மூடி மூடிப் பழகியிருக்கிறாள். பிருந்தா அந்த முழங்கையைப் பார்த்தாள். அவன் எழுந்த கையைப் பார்த்தாள். அவன் இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். வலது கையால் சாவியைத் திருப்பினான்.

பாட்டு நின்றது. நாய் மட்டும் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் பிருந்தா.

"போன வாரம் இந்தக் கார்ல வெச்சு அவள அடிச்சேன். காதுலயே. உள்ள கிழிஞ்சிருக்குது. எண்ணெய் ஒரு சொட்டு போனாலும் என்னுது மாதிரி ஆயிரும்."

பிருந்தா கிண்ணத்தைக் குனிந்து தரையில் வைத்தாள், உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்தில். எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். அவன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. சுற்றிக்கொண்டு போய் மகள் இருந்த பக்கத்துக் கதவைத் திறந்தாள்.